ஏழு தலைமுறைச் செருப்பு

ஸ்டுடியோவில் எல்லாரும் அவரைக் 'குழாய்' என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதுவது பிழைப்பு. திறந்தால் கொட்டுவார், மூடச் சொன்னாலும் சொட்டுவார். மாமியார்களின் வாயில் அவர் போட்ட சாபங்களை ஒரு லாரியில் ஏற்றியிருந்தால் அச்சு முறிந்திருக்கும். மருமகள்களின் கண்ணிலிருந்து இறைத்ததைத் தேக்கி வைத்திருந்தால் ஒரு நகரமே கோடை முழுக்கக் குளித்திருக்கும். இத்தனையும் செய்துவிட்டு மனுஷர் வீட்டுக்கு வந்து குறட்டை விட்டார் பாருங்கள், அதுதான் அதிசயம்.

அந்தக் குறட்டைக்குக் காரணம் அவர் சொல்லிக்கொண்டு திரிந்த ஒரு வாக்கியம்.

"நாங்க வெறும் கண்ணாடிங்க. உங்க வீட்டுல நடக்கறதைக் காட்டறோம். மூஞ்சி கோணலா இருந்தா கண்ணாடி என்னங்க பண்ணும்?"

நூலகக் கூட்டத்தில் சொன்னார். பேருந்து நிறுத்தத்தில் சொன்னார். பல் மருத்துவர் வாயைத் திறந்து வைக்கச் சொன்னபோதுகூட, திறந்த வாயால் முடிந்தவரை சொல்லிவிட்டுத்தான் பல்லைக் கொடுத்தார்.

மனைவி தையற்கடை வைத்திருந்தாள். அவளிடம் மட்டும் இந்தச் சரக்கு விலை போகவில்லை.

"இன்னிக்கு மூணு பேர் வந்தாங்க. மூணு பேருக்கும் உங்க தொடர்ல வர்ற கொடுமைக்காரியோட சட்டைக் கை மாதிரியே வேணுமாம். ஏங்க, கண்ணாடியைப் பாத்து மூஞ்சி கழுவுவாங்கன்னு தெரியும். சட்டை கூடவா தைப்பாங்க?"

"அது ஃபேஷன். நான் சொல்றது பண்பாடு" என்று குழாய் அடுத்த அறைக்குப் போய்விடுவார். பதில் இல்லாதபோதெல்லாம் அவருக்கு அடுத்த அறையில் வேலை இருக்கும்.

செருப்பு சமாசாரம் தொடங்கியது ஒரு வீங்கின காலில். தொடரில் மாமியாராக வரும் நடிகை குளியலறையில் வழுக்கி விழுந்து, கணுக்காலில் பூசணிக்காய் அளவுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். முந்தின நாள் எடுத்த காட்சியில் அதே அம்மாள் சிவப்பு வெல்வெட் செருப்போடு வாசல் வரைக்கும் நடந்திருந்தாள். கேமரா அந்தச் செருப்பை அங்குலம் அங்குலமாக நக்கியிருந்தது. இன்றைக்கு வாசலைத் தாண்டி உள்ளே வர வேண்டும். கால் செருப்புக்குள் போகவில்லை. கட்டுப் போட்ட காலைப் புடவைக்குள் மறைக்கலாம், செருப்பை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

"செருப்பு என்னாச்சுன்னு ஜனங்க கேப்பாங்களே!" என்று இயக்குநர் தலையில் கை வைத்தார். கொலைகாரன் எங்கே போனான் என்று மூன்று மாதமாகக் கேட்காத ஜனங்கள்.

குழாய் தேநீரில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். அது ஊறி விழுவதற்குள் எழுதி முடித்துவிட்டார். புது மருமகள் வாசலில் குனிந்து, புடவை மறைவில் மாமியாரின் செருப்பைக் கழற்றுவதுபோல் எடுக்கிறாள். இரண்டு கையிலும் ஏந்திக்கொள்கிறாள். தலை குனிந்தபடி பின்னாலேயே வருகிறாள். மாமியார் திரும்பிப் பார்த்து, "இது நம்ம குடும்பத்துல ஏழு தலைமுறையா வர்ற வழக்கம்" என்கிறாள். மூன்று தலைமுறை என்றுதான் முதலில் எழுதினார். நடிகை உச்சரித்தபோது பலம் போதவில்லை, ஏழாக்கிவிட்டார். ஒரு பரம்பரைக்கு நாலு தலைமுறை கூடுதலாகப் பிறந்ததற்குச் செலவு ஒரு பிஸ்கட்.

அந்தக் காட்சிக்கு வந்த வரவேற்பில் கடைகளில் சிவப்பு வெல்வெட் செருப்பு தீர்ந்துபோனது. குழாய் அதையும் கண்ணாடிக் கணக்கில் எழுதிக்கொண்டார்.

அவருடைய மகள் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தாள். கிரீஸ் படிந்த கையோடு கயிறும் இரும்புமாக இருட்டுக் குழிக்குள் இறங்கி ஏறுகிறவள். அப்பா எழுதும் தொடரை ஒரு நாளும் பார்த்ததில்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த ஒரு பையனும் அவளும் தாங்களே பேசி முடிவுக்கு வந்திருந்தார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து தேநீர் குடித்து, தாங்களே முடிவு செய்ததாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

பையனின் அம்மா சோபா நிறைய உட்கார்ந்தாள். அப்பா மிச்ச இடத்தில் உட்கார்ந்தார். பிஸ்கட்டுக்கு மட்டும் வாயைத் திறக்கிற வகை.

எல்லாம் பேசி முடித்த பிறகு அந்த அம்மாள் தொண்டையைச் செருமினாள். "ஒண்ணே ஒண்ணுதான் சம்பந்தி. பொண்ணு எங்க வீட்டுக்குள்ள வரும்போது என் செருப்பை ரெண்டு கையிலயும் ஏந்திட்டு வரணும். எங்க குடும்பத்துல ஏழு தலைமுறையா வர்ற வழக்கம். விட முடியாது."

மனைவி தேநீர்க் கோப்பைக்குள் இருமினாள். குழாயின் காது சிவந்தது.

மகள் நிதானமாகச் சொன்னாள். "அத்தை, உங்களுக்கு முடியலன்னா உங்களையே தூக்கிட்டு வரேன். செருப்பை ஏந்த மாட்டேன். அதுதான் கல்யாணம்னா, எனக்குக் கல்யாணம் வேண்டாம்."

மாப்பிள்ளை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். கடையில் நாள் முழுக்கத் துடைக்கிறவன், இங்கேயும் அதையே செய்தான். "அம்மா, வேண்டாமே" என்று இழுத்தான்.

"நீ சும்மா இரு."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அடுத்த அறையில் வேலை இருப்பதாகச் சொல்ல முடியாது. குழாய் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சம்பந்தியம்மா, அது வழக்கம் இல்லீங்க. நான் எழுதினது."

"எது?"

"செருப்பு. நடிகைக்குக் கால் வீங்கிடுச்சு. செருப்புப் போட முடியல. அதனால நான்தான்..."

அந்த அம்மாள் பெருந்தன்மையாகச் சிரித்தாள். "நீங்கதான் எழுதியிருப்பீங்க, இல்லேங்கல. எங்க வீட்டுல இருக்கறதைப் பாத்துத்தானே எழுதினீங்க? நூலகக் கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன் சம்பந்தி. நாங்க வெறும் கண்ணாடின்னு நீங்க சொன்னப்போ முதல்ல கை தட்டினதே நான்தான்."

குழாய் வாயைத் திறந்தார். ஒரு சொட்டுகூட வரவில்லை.

"எங்க மாமியார் செருப்பை நான் ஏந்திட்டு வந்தது இப்பவும் கண்ணுல நிக்குது. சிவப்பு வெல்வெட்டு" என்றாள் அவள், கண் கலங்க. உண்மையாகவே கலங்கியது, அதுதான் கொடுமை.

பையனின் அப்பா பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "எங்க அம்மா செருப்பே போட்டதில்லையேடி. கடைசி வரைக்கும் வெறுங்கால்தான்."

"உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு? மூக்குக் கண்ணாடியைத் தலையில வச்சிட்டு வீடெல்லாம் தேடறவரு." அவர் மறுபடியும் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

அவர்கள் போனதும் மனைவி கோப்பைகளைக் கழுவினாள். "உங்க கண்ணாடி நம்ம பொண்ணு தலைமேலயே விழுந்துடுச்சு. என்ன பண்ணப் போறீங்க?"

என்ன செய்வார்? தெரிந்தது ஒரே தொழில். மறுநாள் ஸ்டுடியோவுக்குப் போய் வழக்கத்தைத் தலைகீழாகத் திருப்பி எழுதினார். குடும்பத்தின் மூத்த கிழவி சாகும் தறுவாயில் எழுந்து உட்காருகிறாள். "அடிப்பாவிகளா, மாத்தி செஞ்சிட்டு வரீங்களே! மாமியார்தான் மருமக செருப்பை எடுத்து உள்ள வைக்கணும். அதுதான் நம்ம ஏழு தலைமுறை வழக்கம்!" சொல்லிவிட்டு மறுபடி படுத்துச் சாகிறாள். இயக்குநர் முகம் சுளித்தார். ஆனால் மாமியார் நடிகைக்கு ஒரு முழு எபிசோடு அழுகை கிடைத்ததால், அவளே சண்டை போட்டு எடுக்க வைத்தாள்.

எழுதி முடித்த பிறகு குழாய் ஒரு தேநீரை எடுத்து வைத்துக்கொண்டார். கண்ணாடி இப்படியெல்லாம் செய்யுமா என்று ஒரு சந்தேகம். தேநீர் ஆறும்வரை அது இருந்தது. பிறகு குடித்துவிட்டார்.

அந்த எபிசோடு ஒளிபரப்பான மறுநாள் காலை போன் வந்தது. "சம்பந்தி, அன்னிக்கு நான் வழக்கத்தைக் கொஞ்சம் மாத்திச் சொல்லிட்டேன். வயசாகுதில்ல? எங்க மாமியார்தான் என் செருப்பை எடுத்து உள்ள வச்சாங்க. சிவப்பு வெல்வெட்டு."

குழாய் குதித்துக்கொண்டு மகளிடம் ஓடினார். "பாத்தியா? அப்பா எப்படி முடிச்சு வச்சேன்!"

மகள் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தாள். "அடுத்த வாரம் அவங்களை என் தலையில தேங்காய் உடைக்க வைப்பீங்களா அப்பா? யார் யாரோட செருப்பைத் தூக்கணும்னு உங்க ஸ்டுடியோவைக் கேட்டுட்டே நான் குடும்பம் நடத்தணுமா?"

அவருக்கு அடுத்த அறையில் வேலை வந்துவிட்டது.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லாரும் மாப்பிள்ளை வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் போனைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார்கள். அந்த அம்மாள் முகத்தை உருக்கமாக வைத்துக்கொண்டு மருமகளின் செருப்பை எடுக்கக் குனிந்தாள். கண்ணில் தண்ணீர்கூடத் தயாராக இருந்தது.

"எழுந்திரிங்க அத்தை, இடுப்பு பிடிச்சுக்கும்" என்று மகள் அவள் கையைப் பிடித்து நிமிர்த்தினாள். தன் செருப்பைத் தானே கழற்றி, ஓரமாக இருந்த அலமாரியில் மற்றவர்களுடையதோடு சேர்த்து வைத்தாள். பிறகு மாமியார் தோளில் கை போட்டுக்கொண்டு, "வாங்க, உள்ள போலாம்" என்றாள்.

அந்த அம்மாள் நகரவில்லை. அடுத்து அழுவதா, சிரிப்பதா, திட்டுவதா என்று தெரியாமல் நின்றாள். போன்களும் தூக்கினபடியே நின்றன. எல்லார் கண்ணும் மெல்லத் திரும்பி, கடைசியில் நின்றுகொண்டிருந்த குழாயிடம் வந்து சேர்ந்தது.

"சம்பந்தி," என்றாள் அந்த அம்மாள் தழுதழுத்த குரலில், "இது எந்த எபிசோடுல வருது?"