பிரேக்கம்மா அழ மறுத்த கதை

பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் லைசென்ஸ் அட்டையில் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். ஊருக்கு அவள் பிரேக்கம்மா. டிரைவிங் ஸ்கூல் காரில் பழகுகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார், பக்கத்து சீட்டில் இவள் இருப்பாள். இவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் பதறிப்போய் எதை மிதிப்பது என்று தெரியாமல் ஆக்சிலேட்டரை மிதிக்கிற நேரத்தில் இவள் கால் அந்த பிரேக்கை ஓங்கி அழுத்தும். வண்டி நின்றுவிடும். அதற்குப் பிறகு இவள் வாய் ஓட ஆரம்பிக்கும்.

"ரோட்டைத் தாண்டுற அந்த மனுஷன் உனக்குத் தெரியலையா? கண்ணை வீட்டுல கழட்டி வச்சிட்டு வந்தியா?"

காலேஜ் பையனானாலும் சரி, வங்கி மேனேஜரானாலும் சரி, திட்டுவதில் பாரபட்சமே கிடையாது. ஆரம்பத்தில் "ஒரு பொம்பளைகிட்டயா கார் கத்துக்கறது?" என்று முகம் சுளித்தவர்கள்தான் பிறகு தங்கள் பெண்டாட்டியையும் மகளையும் இவளிடமே கூட்டி வந்தார்கள். காரணம் இருக்கிறது. இவள் யாரிடமும் "பயப்படாதே" என்று சொன்னதில்லை.

"பயப்படு. நல்லா பயப்படு. பயந்துகிட்டே ஓட்டு. பிரேக் என்கிட்ட இருக்கு."

அவள் புருஷன் இதற்கு நேர் எதிர். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. ஊசியை எடுக்கும்போதே "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்பார், எல்லாரிடமும். "ஊசி குத்தினா ஊசி குத்தின மாதிரிதான் இருக்கும். எந்த எறும்பு அப்படிக் கடிக்குது?" என்று இவள் மடக்குவாள். அவர் சிரித்துக்கொள்வார். சாதுவான மனிதர். சண்டை என்று வந்தால் சமையலறையில் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுவார்.

பிரேக் மிதித்துப் பழகிய பிரேக்கம்மாவின் கால் மட்டும் வீட்டுக்கு வந்தாலும் அடங்காது. சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்தால்கூட, படத்தில் லாரி வந்தால் இவள் வலது கால் தரையை அழுத்தும். பஸ்ஸில் போனாலும் அழுத்தும். "தூக்கத்துல என் காலை மிதிக்கிறா" என்று புருஷன் சொல்லிச் சிரிப்பார்.

ஒரே மகள், பதினோரு வயது, வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவார்கள். வாண்டுக்கு வாய் மூடாது. ஒன்று பேசும், இல்லையென்றால் பாடும். ஸ்கூல் விட்டதும் காரின் பின் சீட்டில் ஏறிக்கொண்டு அது பாடுகிற பாட்டில், பழகுகிறவர்கள் கிளட்சை மறந்துவிடுவார்கள். அப்படிப்பட்டது டிவியில் நடந்த சிறுவர் பாட்டுப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டது. பிரேக்கம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவனைக்கூட அன்றைக்கு அவள் திட்டவில்லை.

வினை அதற்குப் பிறகு வந்தது. நிகழ்ச்சியின் இயக்குநர் கேமராக்காரர்களோடு வீட்டுக்கு வந்து இறங்கினார். வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கழட்டாத ஆசாமி. வந்ததும் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், ஃப்ரிட்ஜைப் பார்த்தார். ஃப்ரிட்ஜைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது.

"மேடம், இதைக் கொஞ்ச நேரம் பக்கத்து வீட்டுல வச்சுக்கலாமா?"

"ஏன், அவங்க ஃப்ரிட்ஜ் ரிப்பேரா?"

"இல்ல மேடம். கொஞ்சம் கஷ்டப்படுற குடும்பமா தெரிஞ்சா நல்லாருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கதை வேணும். சாருக்கு உடம்புக்கு ஏதாவது…?"

புருஷன், பாவம், உதவுகிற ஆர்வத்தில் "சளி இருக்கு" என்றார். இவள் பார்த்த பார்வையில் அந்தச் சளியும் போய்விட்டது.

"எங்களுக்குக் கஷ்டமே இல்லைன்னு சொல்லலை. எங்க கஷ்டம் எங்களோடது. கூறு போட்டு விக்கறதுக்கு இல்லை. எம்பொண்ணு பாடுவா, அதைக் கேளுங்க."

"ஜனங்க அழணும் மேடம்."

"அழறதுக்கு எதுக்குய்யா பாட்டு? வெங்காயம் உரிக்கச் சொல்லுங்க."

ஃப்ரிட்ஜ் அசையவில்லை. மற்றப் பிள்ளைகளின் வீட்டுக் கதையை உருக உருகக் காட்டிவிட்டு, வாண்டுவின் கதையைக் கொட்டாவி விடுகிற நேரத்தில் முடித்துவிட்டார்கள். போனால் போகட்டும் என்று விட்டாள். வாண்டு பாடியது, நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், அடுத்த சுற்று, அதற்கடுத்த சுற்று என்று மேலே மேலே போனது. படுக்கையிலும் பாட்டு, பல் தேய்க்கும்போதும் பாட்டு. இறுதிச் சுற்று மேடையில் பாடவேண்டும் என்பது ஒன்றுதான் அந்தப் பிள்ளையின் நினைப்பு.

இறுதிச் சுற்றுக்கு முந்தின சுற்று படம்பிடிக்கிற நாள். பிரேக்கம்மா காலை வகுப்பை முடித்த கையோடு ஸ்டுடியோவுக்கு வந்தாள். டிரைவிங் ஸ்கூலின் ஆரஞ்சு நிறக் கோட்டைக்கூடக் கழட்டவில்லை. முதுகில் பெரிய எழுத்தில் 'பழகுகிறார்கள். இடைவெளி விடவும்' என்று இருக்கும். கழட்டச் சொன்ன உதவியாளரிடம் "உள்ள குளிருது, நீ வேணா ஏசியை அணை" என்றாள். பெற்றோர் உட்காரும் இடத்துக்கு முன்னால் தரையில் மஞ்சள் பட்டை ஒட்டியிருந்தார்கள். படப்பிடிப்பில் அதைத் தாண்டக் கூடாது. அந்த விதி மட்டும் அவளுக்குப் பிடித்திருந்தது. நாள் முழுக்க மஞ்சள் கோட்டைத் தாண்டாதே என்று கத்துகிறவள் ஆயிற்றே.

பிள்ளைகளை ஒப்பனை அறைக்கு அனுப்பிவிட்டுத் தொப்பிக்காரர் பெற்றோரைக் கூட்டினார்.

"இன்னிக்கு ஒரு சர்ப்ரைஸ். பாடி முடிச்சதும் ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் 'நீ போட்டியை விட்டு வெளியேறுற'ன்னு சொல்வோம். பிள்ளை அழும். நீங்க ஓடி வந்து கட்டிப் பிடிச்சு அழணும். அப்புறம் 'சும்மா சொன்னோம், நீ அடுத்த சுற்றுக்குப் போயிட்டே'ன்னு சொல்லுவோம். ஒரே சந்தோஷம்!"

கூட்டம் தலையாட்டியது. பிரேக்கம்மா தலை மட்டும் ஆடவில்லை.

"பொய் சொல்லி பிள்ளைங்களை அழ வைக்கறதா?"

"கடைசியில சந்தோஷம்தானே அக்கா" என்றார் மளிகைக்கடைக்காரர். அவர் மகனும் போட்டியில் இருந்தான். "நமக்குப் பிள்ளைங்க ஜெயிக்கணும். எதுக்கு வம்பு?"

தொப்பிக்காரர் சிரித்த முகத்தோடு ஒரு கட்டையையும் குறுக்கே போட்டார். "யாராவது முன்கூட்டியே சொல்லிட்டா, அவங்க பிள்ளை நிஜமாவே வெளிய. எழுதிக் கையெழுத்து போட்டிருக்கீங்க, ஞாபகம் இருக்கட்டும்."

எல்லாரும் கலைந்தார்கள். "ஒரு நிமிஷ அழுகைதானே" என்று புருஷன் காதோரம் இழுத்தார். "எறும்பு கடிச்ச…" அதற்குமேல் அவருக்கே வாய் வரவில்லை.

பிரேக்கம்மா உட்கார்ந்து யோசித்தாள். சொன்னால் பிள்ளையின் இடம் போகும். ராத்திரி பகலாக அது ஆசைப்பட்ட மேடை போகும். சொல்லாவிட்டால்? மேடையில் அது அழும்போது யாரைத் தேடும்? என்னைத்தான் தேடும். நான் எல்லாம் தெரிந்துகொண்டு, எப்போது ஓடி வரவேண்டும் என்று சைகைக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்புறம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு 'பிரேக் என்கிட்ட இருக்கு' என்று அதனிடம் சொல்வது? விறுவிறுவென்று ஒப்பனை அறைக்குள் போனாள்.

"பிள்ளைங்களா, இங்க பாருங்க. பாடி முடிச்சதும் வெளியேறுறேன்னு சொல்லுவாங்க. பொய். உங்களை அழ வைக்கத்தான் சொல்றாங்க. யாரும் பயப்பட வேணாம்."

பிள்ளைகள் பவுடர் முகத்தோடு விழித்தார்கள். "அப்ப நான் அழணுமா, வேணாமா ஆன்ட்டி?" என்றான் மளிகைக்கடைக்காரரின் மகன்.

"பாடுடா. அது போதும்."

ஒன்றை மட்டும் அவள் மறைத்துவிட்டாள். சொன்னவளின் பிள்ளையை நிஜமாகவே அனுப்பிவிடுவோம் என்று மிரட்டினார்களே, அதை வாண்டுவிடம் சொல்லவில்லை. பாடப் போகிற பிள்ளையைக் கலங்கடிக்க வேண்டாம் என்று நினைத்தாள். யாரிடமும் 'பயப்படாதே' என்று சொல்லாதவள், அன்றைக்குச் சொந்தப் பிள்ளையிடம் சொன்னாள்.

படப்பிடிப்பு ஆரம்பித்தது. முதலில் பாடிய சிறுமியிடம் தொகுப்பாளினி குரலை உடைத்துக்கொண்டு "நீ இந்தப் போட்டியை விட்டு வெளியேறுறே" என்றாள். சிறுமி களுக்கென்று சிரித்துவிட்டது. அடுத்தவன் மளிகைக்கடைக்காரரின் மகன். அவன் "எனக்குத்தான் தெரியுமே!" என்று குதித்தான். தொப்பிக்காரர் "கட்" என்று கத்திவிட்டுப் பெற்றோர் பக்கம் திரும்பினார். யாரும் வாய் திறக்கவில்லை. மளிகைக்கடைக்காரரின் கண் மட்டும் பிரேக்கம்மா பக்கம் போய் வந்தது. போட்டுக் கொடுக்க வாய் எதற்கு?

வாண்டு வந்தது. அன்றைக்குப் பாடியது போல அது என்றைக்கும் பாடியதில்லை. பாடி முடித்து நிமிர்ந்தது. தொகுப்பாளினி தொப்பிக்காரரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

"நீ இந்தப் போட்டியை விட்டு வெளியேறுறே கண்ணா."

வாண்டு சிரித்தது. அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தது. தொகுப்பாளினி சிரிக்கவில்லை, குரலையும் உடைக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் பிரேக்கம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் வலது கால் தரையை ஓங்கி அழுத்தியது. தரை வெறும் தரையாக இருந்தது. எதுவும் நிற்கவில்லை.

"அடுத்து ஜோக்குன்னு சொல்லுங்க ஆன்ட்டி" என்றது வாண்டு.

"ஜோக் இல்லடா. நிஜமாத்தான்."

பிள்ளையின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. கண் மட்டும் அம்மாவைத் தேடியது. "க்ளோஸ்ல போ, க்ளோஸ்ல போ" என்று தொப்பிக்காரர் கிசுகிசுத்தார். கேமராக்கள் நெருங்கின. அவர் வந்தது இதற்குத்தானே!

பிரேக்கம்மா எழுந்தாள். மஞ்சள் பட்டையை மிதித்துத் தாண்டினாள். ஓடவில்லை, நடந்துதான் போனாள். போய், கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மகள் எதிரில் மண்டியிட்டாள்.

"நிஜமாம்மா?"

"நிஜம்தான். நான் பிள்ளைங்க உங்க எல்லார்கிட்டயும் முன்னாடியே சொன்னதுக்காக உன்னை அனுப்புறாங்க. அப்படிச் செய்வாங்கன்னு எனக்குத் தெரியும். உங்கிட்ட அதை மறைச்சுட்டேன். தப்பு என்னுது."

வாண்டு அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டது. "அழக் கூடாதாம்மா?"

"அழு. எவ்வளவு வேணும்னாலும் அழு. எங்களுக்கு அழு. இவங்களுக்குக் கிடையாது."

போட்டிருந்த ஆரஞ்சுக் கோட்டை விரித்துப் பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஒரு கேமரா வளைந்து இடது பக்கம் வந்தது. அங்கே அவள் புருஷன் வந்து நின்றார். சண்டை என்றால் பாத்திரம் கழுவப் போகிற மனிதர், கேமராவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, "வலிக்கும்டா தங்கம்" என்றார். "ரொம்ப வலிக்கும்." அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து பிரேக்கம்மா கேட்டதே இல்லை.

கேமரா வலது பக்கம் ஓடியது. களுக்கென்று சிரித்த சிறுமியின் அம்மா, ஒரு தையல்காரி, எழுந்து வந்து அங்கே நின்றாள். அவளைப் பார்த்து இன்னொருவர் எழுந்தார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. எல்லாரும் முதுகைத் திருப்பிக்கொண்டு சுற்றி நின்றார்கள். கடைசியாக ஒரே ஒரு இடைவெளி மிச்சம். மளிகைக்கடைக்காரர் மூச்சு வாங்க வந்து, மூட்டை தூக்கிப் பழகிய தன் முதுகால் அதையும் அடைத்தார். தலையை மட்டும் நிமிர்த்தவில்லை.

"மேடம், நகருங்க! ஷூட்டிங் நடக்குது!"

"நடக்கலை" என்றாள் பிரேக்கம்மா, திரும்பாமலே. "நிறுத்தியாச்சு."

உள்ளே வாண்டு குலுங்கிக் குலுங்கி அழுதது. ஒரு சொட்டுக்கூட வெளியே போகவில்லை.

மறுநாள் தொப்பிக்காரர் போனில் குதித்தார். இனி எந்தச் சேனலிலும் உங்கள் பிள்ளை பாட முடியாது என்றார். "பாட்டு என்ன உங்க சேனல்லயா பொறந்துச்சு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். வாய் அப்படிப் பேசியதே தவிர, மனசு கிடந்து தவித்தது. வாண்டு இரண்டு நாள் அவளோடு பேசவே இல்லை. மூன்றாம் நாள் காரில் ஏறும்போதுதான், "இனிமே எங்கிட்ட பாதி சொல்லாதே. முழுசா சொல்லு" என்றது. "சரி" என்றாள் பிரேக்கம்மா. எதிர்ப்பேச்சே இல்லாமல் அவள் சரி என்றது அந்தக் காருக்கே புதிது.

நிகழ்ச்சி ஒளிபரப்பான அன்று மூன்று பேரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். வேறு படம் கிடைக்காமல் சேனல்காரர்கள் அந்தக் காட்சியைத்தான் போட்டார்கள். பின்னணியில் வயலின் அழுது தீர்த்தது. திரை நிறைய முதுகுகள். நடுவில் ஆரஞ்சு நிறத்தில் 'இடைவெளி விடவும்'. வாண்டு விழுந்து விழுந்து சிரித்தது. "இது தையல் ஆன்ட்டி! இது அப்பா! அய்யோ, இது மளிகை மாமா!"

பிரேக்கம்மா சிரிக்கவில்லை. கேமரா மறுபடியும் அந்த முதுகுகளைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஏதாவது ஒரு சந்து கிடைக்காதா என்று தேடியது. அவள் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

வாண்டு அதைக் கவனித்துவிட்டுத் தன் சின்னக் காலை எடுத்து அம்மாவின் கால்மேல் வைத்தது.

"அம்மா, அது அன்னிக்கே நின்னுடுச்சு. காலை எடு."