அவர் பெயரில் திறக்க மறுத்த புரோகிராம்

இரண்டு வருடங்களுக்கு முன், கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்த முதல் வாரத்தில் நடந்தது இது. ஊர் திண்டுக்கல். என் கணவர் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழாசிரியர். அதற்கு முந்தைய வருடம் அவருக்குத் தொண்டையில் கட்டி வந்து, மதுரையில் ஆபரேஷன் செய்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தார். குரல் போய்விட்டது.

பிழைத்ததே பெரிது என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் வீட்டுக்குள் இருந்து பார்த்தால்தான் தெரியும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சண்டை போடாத வாரம் கிடையாது. காபிக்குச் சர்க்கரை பத்தவில்லை என்பதில் ஆரம்பித்து அவர் தங்கை வீட்டு விசேஷம் வரைக்கும், சரிக்குச் சரி பேசுவார் மனிதர். ஆபரேஷனுக்குப் பிறகு நான் பாட்டுக்குக் கத்துவேன். அவர் சிலேட்டை எடுத்து எழுதி முடிப்பதற்குள் நான் வேறு விஷயத்துக்குத் தாவியிருப்பேன். எழுதியதை எனக்குக் காட்டாமலே அழித்துவிட்டு எழுந்து போய்விடுவார். கொஞ்ச நாளில் எனக்கே கத்தப் பிடிக்காமல் போனது. அப்படி ஓர் அமைதி எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை.

பள்ளியை நடத்தும் ஃபாதர் ஒருநாள் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர். சுற்றி வளைக்காமல் பேசினார்.

"சார், ஒங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது, அதை நெனச்சுப் பயப்படாதீங்க. ஆனா பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு எப்படிக் கிளாஸ் எடுப்பீங்க? பேசாம லைப்ரரியப் பாத்துக்கங்களேன்."

என் கணவர் சிலேட்டில் ஒரே ஒரு சொல் எழுதினார். 'வகுப்பு.' அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார், கீழே வைக்கவில்லை. ஃபாதர் அதைப் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

"சரி சார். ஸ்கூல் தொறந்ததும் ஒரு பீரியடு எடுத்துக் காட்டுங்க. நான் கடைசி பெஞ்சுல உக்காந்து பாக்குறேன். பிள்ளைகளுக்குப் புரிஞ்சா பழையபடி கிளாஸ். இல்லேன்னா லைப்ரரி. சரியா?"

வகுப்பு போனால் இந்த மனிதர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே வேலையை ஆரம்பித்தேன்.

நான் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு மென்பொருள் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் விட்ட ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். தட்டச்சு செய்தால் அதைத் தமிழில் பேசிக் காட்டும் ஒரு கருவி இருப்பது எனக்குத் தெரியும். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் காசு வாங்காமல் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்திருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். இது வேண்டும், அது வேண்டும் என்று இன்டர்நெட்டிலிருந்து ஒவ்வொன்றாக இறக்க வேண்டும், கறுப்புத் திரையில் கட்டளைகள் அடிக்க வேண்டும். பள்ளி வகுப்பறையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கோ நெட்டே கிடையாது. மொபைலுக்கும் லேப்டாப்புக்கும் அங்கே தடை.

அதனால் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் அடைத்துவிட முடிவு செய்தேன். தூரப் பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டுவது மாதிரிதான். சோறு, துவையல், இலை, தண்ணீர் எல்லாம் மூட்டைக்குள்ளேயே இருக்க வேண்டும், வழியில் யாரிடமும் எதுவும் கேட்கக்கூடாது. அந்தக் கருவியை எழுதியவர்களிடம் கேட்டபோது, "நாங்களும் ரொம்ப நாளாக இதைச் செய்ய நினைக்கிறோம், நீங்களே செய்துவிடுங்களேன்" என்று சந்தோஷமாகத் தள்ளிவிட்டார்கள். அந்த விடுமுறை முழுக்க அதோடு மல்லுக்கு நின்றேன். ஒருநாள் குரல் வராது, ஒருநாள் எழுத்து வராது. இன்னொரு நாள் என் கம்ப்யூட்டரே அதை வைரஸ் என்று நினைத்துத் தூக்கி எறிந்தது.

கடைசியில் சரியாக வந்தது. எங்கே வைக்கட்டும், எதைப் போடட்டும் என்று எந்தக் கேள்வியும் கேட்காது. ஒருமுறை தட்டினால் போதும், ஏறிவிடும். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. என் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன், தோழியின் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன், எல்லாவற்றிலும் பேசியது. கருவியை எழுதியவர்களும் அதை வாங்கிப் பொதுவில் வைத்துவிட்டார்கள். என் லேப்டாப்பிலேயே அவர் பழகிக்கொண்டார். தமிழில் அவர் தட்டும் வேகத்துக்கு என் கண் போகாது.

அந்த நாளும் வந்தது. கருவியை ஏற்றிக் கொடுக்க நானும் கூடப் போனேன். பிளஸ் ஒன் வகுப்பு. ஃபாதர் சொன்னபடியே கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். நான் பென் டிரைவைச் செருகி, ஃபைலைத் தட்டினேன். ஏறியது. திறந்தேன். ஒரு ஜன்னல் எட்டிப் பார்த்துவிட்டு உடனே மறைந்தது. மறுபடி தட்டினேன். மறுபடியும் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டது. அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். அதே கதைதான்.

பென் டிரைவைக் கழற்றி மறுபடி செருகியும் பார்த்துவிட்டேன்.

"ஃபாதர், செத்த நேரம் பொறுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"பதறாமப் பாருங்கம்மா, ஒண்ணும் அவசரமில்ல" என்றார். அவர் அப்படிப் பொறுமையாகச் சொன்னது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. லைப்ரரி சாவி அவர் பையிலேயே இருப்பது போல ஒரு நினைப்பு.

பிள்ளைகள் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள். என் கணவர் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் அழகாக எழுதினார்: 'என் வீட்டம்மாவுக்கு வேர்க்கிறது. மின்விசிறியைப் போடுங்கள்.' வகுப்பே சிரித்தது. ஒரு பெண் எழுந்துபோய் ஸ்விட்சைத் தட்டினாள். அவர் வாழ்க்கை அங்கே தொங்கிக்கொண்டிருக்கிறது, மனிதருக்குக் கேலி. எனக்கு வந்த ஆத்திரத்தில் பயம் கொஞ்சம் விலகியது. விலகியதும்தான் மூளை வேலை செய்தது. கறுப்புத் திரையைத் திறந்து, அதன் வழியாகப் புரோகிராமை ஓட்டினேன். அப்படிச் செய்தால் எங்கே இடறியது என்று எழுதிக் காட்டும்.

காட்டியது. ஒரு ஃபோல்டரின் முகவரி. எல்லா எழுத்தும் சரியாக இருக்க, நடுவில் ஓர் இடத்தில் மட்டும் வரிசையாகக் கேள்விக்குறிகள். அந்த இடத்தில் இருக்க வேண்டியது என்ன என்று பார்த்தேன். என் கணவரின் பெயர்.

நடந்தது இதுதான். முந்தின நாள் பள்ளியின் கம்ப்யூட்டர் சார் அவருக்கென்று ஒரு லாகின் போட்டுக் கொடுத்திருக்கிறார். பெயர் கேட்ட இடத்தில் இவர் தன் முழுப் பெயரையும் தமிழில் தட்டியிருக்கிறார். தமிழாசிரியர் வேறெப்படித் தட்டுவார்? கம்ப்யூட்டர் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் ஓர் அறை ஒதுக்கும். என் புரோகிராம் தன் மூட்டையை அந்த அறையில்தான் பிரிக்கும். கதவில் தமிழில் பெயர் எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியாமல் திரும்பி ஓடியிருக்கிறது. தமிழ் பேசுவதற்காகவே நான் கட்டிய மூட்டை! நான் சோதித்த கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. ஓட்டை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவளுக்கு இது தோன்றவே இல்லை.

நல்லவேளை, புது லாகின் போடும் உரிமையையும் கம்ப்யூட்டர் சார் அவருக்குக் கொடுத்திருந்தார். அவசரத்தில் வெறும் 'a' என்று ஒரு பெயரைப் போட்டு, அதற்குள் நுழைந்து, மறுபடி ஏற்றினேன். ஜன்னல் திறந்தது. மறையவில்லை. நான் நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன்.

அவர் தட்டினார். "வணக்கம் பிள்ளைகளா" என்றது ஸ்பீக்கர்.

கரகரவென்ற யந்திரக் குரல்தான். நான் ஒவ்வொரு பெஞ்சாகப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்தேன். அப்போது மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் சொன்னான்.

"சார், சவுண்ட் பத்தல. பின்னாடி கேக்கல சார்."

அந்த நிமிடம் எனக்கு உயிர் வந்தது. அவருக்குக் குரல் இல்லை என்பதை அந்தப் பையன் மறந்தே போயிருந்தான். சத்தம் போதவில்லை என்று எந்த வாத்தியாரிடமும் சொல்வது போலத்தான் சொன்னான். அவர் சத்தத்தைக் கூட்டிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தார். செய்யுள் வந்தபோது யந்திரம் அதை மளிகைச் சாமான் படிப்பது போல் படித்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். உடனே தட்டினார்: "சிரிச்சது போதும், நீ எந்திரிச்சுப் பாடு பாப்போம்." யார் சிரித்தார்களோ அவர்களைப் பார்த்துக் கை நீட்டினார். அதற்கப்புறம் வகுப்பு முடியும்வரை ஒருவர் மாற்றி ஒருவராகப் பாடிக்கொண்டேயிருந்தார்கள்.

மணி அடித்ததும் ஃபாதர் எழுந்து வந்தார். "சார், லைப்ரரிக்கு நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்றார். நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுது தீர்த்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் சண்டைக்கு வந்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வந்த சண்டை.

"தமிழ் வாத்தியாருக்கு ஏ-ன்னு பேரு வச்சவ ஒலகத்துலயே நீ ஒருத்திதான். என் பேரு தமிழ்ல இருந்தா ஒம் புரோகிராமுக்கு என்ன வலிக்குதாம்?"

"வகுப்பு நடந்துச்சுல்ல? அதுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வாய் வரலயா ஒங்களுக்கு?"

"வாய் எங்க இருக்கு? நீ கட்டுன பொட்டிதான் இருக்கு. அதுக்கே என் பேரு தெரியல."

அந்தச் சண்டையில் நான் தோற்றுப்போனேன். தோற்றதில் அத்தனை சந்தோஷம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

அடுத்த வாரமே அந்த ஓட்டையை அடைத்து, கருவியை எழுதியவர்களுக்கும் அனுப்பினேன். கொஞ்ச நாள் கழித்து, வரைபடத்தில் தேடினால்தான் தெரியும் ஓர் ஊரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவர் தாய்மொழியின் எழுத்தே வேறாம். அதில், பேச முடியாத தன் அம்மாவின் பெயரைப் போட்டிருந்ததால் இத்தனை நாள் திறக்காமலேயே இருந்ததாம். இப்போது அம்மா பேசுகிறார்களாம்.

இன்றைக்கும் ஒவ்வொரு புதுப் பதிப்பையும் வெளியே விடுவதற்கு முன், தமிழில் என் கணவரின் முழுப் பெயரைப் போட்ட லாகினில்தான் முதலில் ஓட்டிப் பார்க்கிறேன். அந்தப் பெயரைப் பார்த்து ஓடாமல் நின்று அது வாய் திறக்கும்வரை, இத்தனை நாளுக்குப் பிறகும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.