அப்பாவின் கதைகளில் வராதவன்

அப்பாவின் கதைகளில் பக்கத்து வீட்டுச் சுமன் வருகிறான். எதிர் வீட்டு வீரம்மாக்கா வருகிறார். ஒரு கதையில் தோட்டத்து மேற்பார்வையாளர் கண்டாக்கையாவின் நாய்கூட வருகிறது. நான் எதிலும் இல்லை.

அப்பா பெயர் மாயாண்டி. றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே உள்ள தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். கதை எழுத அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முடிவெட்டப் போகிற சாக்கில் சலூனில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக் கதைகளை வாசித்தார். பிடிக்காத முடிவுகளை மாற்றி வீட்டில் சொன்னார். பிறகு சொந்தமாக எழுதினார். பத்திரிகைகள் போட்டன. ஹட்டன் அச்சகம் ஒன்று அவற்றைச் சேர்த்து ‘வண்டி நிற்காத நாள்’ என்று புத்தகமாக்கியது.

அவருக்கு ஒரு முறை இருந்தது. யாரைப் பற்றி எழுதினாலும், பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் அந்த ஆளின் வீட்டுக்குப் போய் முழுக்க வாசித்துக் காட்டுவார். அந்த ஆள் வேண்டாம் என்றால் அந்த வீட்டு அடுப்பிலேயே போட்டுவிடுவார். ஆள் வெளியூரில் இருந்தால் வீட்டிலுள்ளவர்கள் சொல்வதுதான் தீர்ப்பு. கதையில் வர ஆசைப்பட்டவர்கள் தேத்தண்ணி போட்டு அவரைக் கூப்பிட்டார்கள்.

நான் கொழும்பில் லிஃப்ட் பழுது பார்க்கிறேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் புதுக் கதை ஏதாவது உண்டா என்று கேட்பேன். என்னைப் பற்றி என்று கேட்டதில்லை. கூச்சம்.

அப்பாவின் கருமாதிக்குப் பந்தல் போட்ட அன்று வந்தவர்கள் அவரவர் கதையைச் சொல்லி அழுதார்கள். எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. என் அப்பாவை அவர்கள் பங்கு போட்டுக்கொள்வதுபோல் இருந்தது.

“மாமா என்னய தெனம் ஸ்டேஷன்ல ரயிலு பாக்குறவனாப் போட்டாரு,” என்றான் சுமன். “இன்னும் பயலுக ஸ்டேஷன் மாஸ்டருன்னுதான் கூப்புடுறானுங்க. நிரஞ்சா, ஒன்னய எதுல போட்டாரு?”

“போடல.”

“கண்டாக்கையா நாயயே போட்டாரேடா.”

பந்தலில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது.

“வாய மூடுடா,” என்று அவனை அதட்டிய வீரம்மாக்கா என் பக்கம் திரும்பினார். “ஒனக்கும் ஒன்னு எழுதுனாரு தம்பி. நீ கொழும்புல இருந்த. ஒங்கம்மாவுக்கு வாசிச்சாரு. அது வேணாம்னுருச்சு. அடுப்புல போயிருச்சு.”

அம்மா எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால், பீலிக் குழாயிலிருந்து விழும் தண்ணீரில் பெரிய பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“எதுக்கும்மா வேணாம்னீங்க?”

யார் சொன்னது என்று அம்மா கேட்கவில்லை. “அவரு கதையில வந்தவங்க யாராச்சும் இந்த லயத்த விட்டுப் போனாங்களா? சுமனுக்குக் கண்டியில வேல கெடச்சுச்சு. கதை வந்துச்சு. பொங்கலுக்கு வந்தவன் திரும்பிப் போகவே இல்ல. கதைதான் அவனப் புடிச்சு வச்சிருச்சுன்னு இங்க சிலபேரு சொல்லுவாங்க.”

“அவனுக்கு முதுகுவலிம்மா.”

“இருக்கட்டும். நீ அங்கயே நிலைக்கணும்னு நெனச்சேன்.”

முதுகுவலிக்கும் கதைக்கும் தொடர்பு இல்லை என்று விளக்கலாம். விளக்கி என்ன ஆகப்போகிறது? காகிதம் எரிந்துவிட்டது.

“அப்பா என்ன சொன்னாரு?”

“நல்லா யோசிச்சுச் சொல்லுன்னாரு. ரெண்டாந்தரமும் கேட்டாரு. வேற யாருகிட்டயும் அவரு அப்புடிக் கேட்டதில்ல.”

சுமனிடம் கேட்டதில்லை. வீரம்மாக்காவிடம் கேட்டதில்லை. அது எனக்கு இனித்தது. வெட்கப்படாமல் எழுதுகிறேன்.

“கதை என்னம்மா?”

“நீ சின்னதுல கொழுந்து லாரிக்குள்ள...” என்று ஆரம்பித்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா போன பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. “போடா. அத அவரு வாசிக்கணும். நான் சொன்னா கெட்டுப்போயிரும்.”

“கெட்டாலும் பரவால்ல. சொல்லுங்க.”

“வேல கெடக்கு. கருமாதி முடியட்டும்.”

பந்தலில் இருந்த யார்மேலும் இப்போது எனக்குப் பொறாமை இல்லை. முழுவதும் அம்மாமேல் வந்து நின்றது. அவர் கையிலிருந்த பானையைப் பிடுங்கித் தேய்க்கத் தொடங்கினேன்.

“சொல்லுங்க. நான் கழுவுறேன்.”

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மறுபடி சிரித்தார், நான் கேட்டிராத ஏதோ ஒரு வரிக்கு.