மாமியின் துவக்கும் இருபத்துமூன்று கிலோவும்

நாலடி நீளக் கறுப்புப் பெட்டி. இரண்டு பக்கமும் பித்தளைப் பூட்டு. ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் எங்கள் வீட்டு வரவேற்பறைச் சோபாவில் மாமி அதைக் கிடத்தி, கல்யாணத்துக்கு எடுத்த கூறைச் சேலையைக் காட்டுவதுபோல மெதுவாக மூடியைத் திறந்தார். நான் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே கரிய பஞ்சுமெத்தையில் ஒரு துவக்கு, வேட்டைத் துப்பாக்கி, புதைந்து கிடந்தது. "என்ர," என்றார் மாமி. அது தன்னுடையது என்பதை அந்த ஒரு சொல்லில் முடித்துவிட்டார். வீட்டுக்கு மேலால் விமானம் ஒன்று தாழ்வாக இறங்கிக்கொண்டிருந்தது. அதன் இரைச்சல் அடங்கியதும் மாமி மூடியைச் சாத்திப் பூட்டினார்.

மாமி என் கணவரின் தாய். மன்னாரிலிருந்து வந்து பார்க்டேலில் ஒரு ஒற்றை அறையில் கனடா வாழ்க்கையைத் தொடங்கியவர். பிறகு பதினேழு வருடம் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்தார். அங்கே அவரோடு உருளைக்கிழங்கு உரித்த வெள்ளைக்காரப் பெண் ஒருவர் வடக்கே தண்டர் பே என்ற ஊரைச் சேர்ந்தவர். ஓய்வு பெற்றதும் ஊருக்குத் திரும்பிவிட்டார். மாமா இறந்த வருடம் அந்தச் சிநேகிதி தொலைபேசியில் அழைத்து, "இலையுதிர்காலத்தில் வேட்டைக்குப் போகிறோம், நீ வந்து சமைத்துக் கொடு" என்று கேட்டிருக்கிறார். மூன்று வருடம் மாமி சமைக்கப் போனார். நாலாம் வருடம், தனக்கும் சுடத் தெரிய வேண்டும் என்று பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்தார். எழுத்துப் பரீட்சையில் முதல்முறை தோற்றுப்போனார். 'அக்ஷன்' என்றால் சினிமாவில் வருகிற சண்டை என்றுதான் நினைத்திருந்தாராம். துவக்கில் அது தோட்டாவை ஏற்றி இறக்கும் பொறி. இரண்டாம் முறை அந்தக் கேள்விக்கு முழுப் புள்ளி வாங்கினேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வார்.

எனக்கு அந்தத் துவக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பது சிறிய சொல். யாழ்ப்பாணத்தில் எனக்குப் பதினாலு வயதாக இருந்தபோது, பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடி ஒன்று இருந்தது. தினமும் ஒரே கேள்விதான்: உள்ளே என்ன? ஒருநாள் ஒரு சிப்பாய் என் புத்தகப் பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினான். கொப்பிகளோடு, மாதவிலக்குக்காக அம்மா மடித்து வைத்துவிட்ட துணியும் றோட்டில் விழுந்தது. அவன் அதைத் துவக்கின் நுனியால் தூக்கிப் பார்த்துச் சிரித்தான். நான் குனிந்து பொறுக்கினேன். அதற்குப் பிறகு சீருடை போட்ட யார் என்ன கேட்டாலும், பேருந்துச் சாரதி கேட்டாலும், என் குரல் தொண்டைக்குள் இறங்கிவிடும். இதையெல்லாம் மாமியிடம் நான் சொன்னதில்லை. "இந்த வீட்டில் துவக்கு இருக்கக்கூடாது" என்று மட்டும் இவரிடம், என் கணவரிடம், சொன்னேன். துவக்கு நிலக்கீழ் அறையில் இரும்பு அலுமாரிக்குள் பூட்டப்பட்டது. நான் அந்த அறைக்குப் போவதை நிறுத்தினேன். உடுப்புத் துவைக்கும் இயந்திரம் அங்கேதான் இருந்தது. அன்றிலிருந்து எல்லோருடைய உடுப்பையும் மாமியே துவைத்து, மடித்து, மேலே கொண்டுவந்து வைத்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

துவக்கு வாங்கிய முதல் இரண்டு வருடமும் இவர் பதினாறு மணித்தியாலம் கார் ஓட்டி மாமியை வடக்கே கொண்டுபோய் விட்டார். மூன்றாம் வருடம் இவருக்கு முதுகில் சத்திரசிகிச்சை. அந்த வருடம் பார்த்துத்தான் பெரிய மூஸுக்கான வேட்டை அனுமதிச் சீட்டு மாமியின் பெயருக்கு விழுந்தது. மூஸ் என்பது எங்கள் ஊர் மரையைப்போல ஒரு விலங்கு, உருவத்தில் குதிரையைவிடப் பெரியது. சிநேகிதி எத்தனையோ வருடமாக விண்ணப்பித்தும் கிடைக்காத சீட்டு அது. சீட்டுக்காரர் கூட நிற்காமல் மற்றவர்கள் சுட முடியாது என்பது சட்டம். சிநேகிதிக்கு அடுத்த மாதம் இடுப்பெலும்பு மாற்றப் போகிறார்கள், அதன் பிறகு காட்டுக்குள் நடப்பாரோ தெரியாது. ஆகவே மாமி போயே ஆகவேண்டும், விமானத்தில். அறுபத்தாறு வயது மனிசி இவ்வளவு சாமானோடு தனியே போக முடியாது. "நீயும் போ," என்றார் இவர் கட்டிலில் படுத்தபடியே. நான் சரி என்றதற்குக் காரணம் துணிவல்ல. இரண்டு வருடமாக மடித்து வைக்கப்பட்ட உடுப்புகள்.

அது ஒக்ரோபரில் வரும் நன்றி நவிலல் விடுமுறை. விமான நிலையத்தில் நிற்க இடமில்லை. எங்களிடம் இரண்டு பெரிய சூட்கேஸ், ஒரு சின்னது, அந்தக் கறுப்புப் பெட்டி. மாமி தாள்கள் அடுக்கிய பச்சைக் கோப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்திருந்தார். கவுண்டரில் இருந்த இளைஞன் கணினியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, உங்கள் துப்பாக்கிக்கான அனுமதிப்பத்திரத்தைக் காட்டுங்கள் என்றான்.

என் துப்பாக்கி. விமான ரிக்கற் பதிவு செய்தபோது, மாமியின் பெயரில் ஏற்கெனவே இரண்டு பெட்டி இருக்கிறது என்று இவர் துவக்குப் பெட்டியை என் பெயரில் போட்டிருக்கிறார். தோட்டாக்கள் வேறு என் சூட்கேசுக்குள். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால் காணாமல் போனவர்களை எனக்குத் தெரியும். நான் ஏதோ சொல்ல வாய் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. இளைஞனின் முகம் மாறியது. அவன் கை தொலைபேசிக்குப் போனது.

மாமி என்னை முழங்கையால் மெல்ல ஒதுக்கிவிட்டு முன்னுக்கு வந்தார். "மை கன்," என்றார். "மை லைசென்ஸ்." அட்டையை மேசையில் வைத்தார். பிறகு செபமாலை சொல்லுகிற அதே நிதானத்தோடு, வகுப்பில் படித்த ஆங்கிலத்தில், துவக்குக்குள் தோட்டா இல்லை, விசைக்குப் பூட்டு இருக்கிறது, பெட்டிக்கு இரண்டு பூட்டு, தோட்டாக்கள் கடையில் வாங்கிய அதே பெட்டியில் வேறாக இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவன் அட்டையையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தான். உங்கள் மகனுடையதா என்று கேட்டான். "நோ," என்றார் மாமி. "மகனுக்குச் சுடத் தெரியாது எண்டு சொல்லும் பிள்ளை." நான் மொழிபெயர்த்தேன். என் குரல் திரும்பி வந்தது அப்படித்தான்.

ஆனால் காரியம் முடியவில்லை. தோட்டாக்கள் மாமியின் சூட்கேசுக்கு மாறவேண்டும். மாற்றினால் அது இருபத்துமூன்று கிலோவைத் தாண்டுகிறது, சின்ன விமானம், ஒரு கிலோகூட மேலதிகமாக ஏற்றமாட்டார்கள். வரிசையில் நின்ற அவ்வளவு பேருக்கும் முன்னால் மாமி தரையில் குந்தி சூட்கேசை விரியத் திறந்தார். சிநேகிதி கேட்டிருந்த மிளகாய்த்தூள், அரிசிமாப் பொதிகள், செம்மஞ்சள் வேட்டை அங்கி, கம்பளிக் காற்சட்டைகள், உள்ளுடுப்புகள் எல்லாம் பளபளத்த தரையில் பரவின. எனக்கு முகம் எரிந்தது. நான் குனிந்து அவசரமாக மூடி மறைக்கப் பார்த்தேன். மாமி தன் நீளமான கம்பளி உள்ளுடுப்பை இரண்டு கையாலும் உயர்த்தி உதறி, நிதானமாக மடித்தார். "ஏன் ஒளிக்கிறீர்? காசு குடுத்து வாங்கினதுதானே. இந்தாரும், மாவை உம்மட பெட்டிக்குள்ள வையும்." பின்னால் நின்ற ஒரு சீன மனிதர் தன் கைத்தராசைத் தந்து உதவினார், எடை இருபத்துமூன்றுக்குள் அடங்கியது.

அதற்குள் மேற்பார்வையாளர் வந்துவிட்டார். துவக்குக்கு முன்கூட்டியே எடுத்த ஒப்புதல் என் ரிக்கற்றில் இருக்கிறது, மாமியின் ரிக்கற்றில் இல்லை, ஆகவே இன்றைக்கு ஏற்ற முடியாது, அடுத்த இடம் மூன்று நாள் கழித்துத்தான் என்றார் அவர். பொதி வாங்குவதை நிறுத்த இருபது நிமிடம் இருந்தது. வேட்டைக் காலம் ஒரு கிழமைதான். தண்டர் பேயிலிருந்து முகாமுக்கு மேலும் நாலு மணித்தியாலம் ஓடவேண்டும். "விடுவம் மாமி, வீட்ட போவம்," என்றேன். உண்மையில் எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

"பொறும்," என்றார் மாமி. பச்சைக் கோப்பைத் திறந்தார். உள்ளே அந்த விமான நிறுவனத்தின் விதிகள் எல்லாம் அச்சடிக்கப்பட்டு, மஞ்சள் மையால் கோடிடப்பட்டிருந்தன. ஒரு பக்கத்தை எடுத்து மேற்பார்வையாளர் பக்கம் திருப்பி, விரலை வைத்தார். ஒப்புதல் துப்பாக்கிக்காரரின் அனுமதிப்பத்திர இலக்கத்துக்குக் கொடுக்கப்படும் என்று அங்கே எழுதியிருந்தது. அடுத்து ஒப்புதல் மின்னஞ்சலை வைத்தார். அதில் இருந்தது மாமியின் இலக்கம். மேற்பார்வையாளர் இரண்டு தரம் வாசித்தார். எங்கோ தொலைபேசியில் பேசினார். மாமி கையைக் கட்டாமல், தலை குனியாமல், அவசரம் காட்டாமல் நின்றார். சீருடைக்கு முன்னால் ஒரு தமிழ்ப் பெண் அப்படி நிற்கலாம் என்பதை நான் அதுவரை கண்டதில்லை. எதையும் மறைக்கவில்லை. துவக்கு கொண்டுபோகிறேன், அது என்னுடையது, இதோ தாள் என்று தானாகவே சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்து நின்றார். மேற்பார்வையாளர் தொலைபேசியை வைத்துவிட்டு, "மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா, நீங்கள் சொன்னதுதான் சரி" என்றார். பெட்டி உருண்டு உள்ளே போனது. மாமி அவருக்கு நன்றி சொன்னார். விமான வாசலை நோக்கி ஓடும்போதுதான் அவர் கோப்பைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் விடிந்த பிறகு ஒரு ஏரிக்கரையில் நாங்கள் மூவரும் செம்மஞ்சள் அங்கியோடு விழுந்த மரமொன்றின் பின்னால் இருந்தோம். சிநேகிதி மரப்பட்டைக் குழலை வாயில் வைத்து, பெண் மூஸ் அழைப்பதுபோல நீளமாகக் குரல் கொடுத்தார். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு எதிர்க்கரைப் புதருக்குள்ளிருந்து ஒரு கொம்பு, அதன் பின்னால் ஒரு மலை. தண்ணீருக்குள் இறங்காமல் கரையோரமாகவே நடந்து வந்து, பக்கவாட்டில் நின்றது. மாமி சிலுவை போட்டுக்கொண்டு குறிபார்த்தார். ஒரே வெடி. அந்தச் சத்தத்தோடு நான் முகம் மண்ணில் பட நிலத்தில் கிடந்தேன். என் உடம்பு என்னைக் கேட்கவில்லை. அதற்கு இன்னும் பதினாலு வயதுதான். முதுகில் ஒரு கை வந்து தட்டியது.

"எழும்பும் பிள்ளை. இது எங்கட வெடி."

எழும்பிப் பார்த்தேன். மூஸ் சரிந்து கிடந்தது. சிநேகிதி ஊன்றுகோலை எறிந்துவிட்டு மாமியைக் கட்டிப்பிடித்து அழுதார். நான் முகத்தில் ஒட்டிய ஊசியிலைகளோடு சிரிக்கத் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை. அன்று பகல் முழுவதும் இறைச்சி வெட்டும் இடத்தில் நான் அவருக்குக் கத்தி கழுவிக் கொடுத்தபடி, சாவடியில் விழுந்த துணியின் கதையை முதன்முறையாகச் சொன்னேன். அவர் வெட்டுவதை நிறுத்தாமல் கேட்டார். முடிவில், "அவனுக்கு வெக்கமில்லை. உமக்கு என்ன வெக்கம்?" என்றார்.

திரும்புகிற பயணத்தில் வேறு கணக்கு. பாதி இறைச்சி சிநேகிதிக்கு, பாதி எங்களுக்கு, உறையவைத்து நாலு பெட்டி. சூட்கேசுகளை அங்கேயே விட்டோம். எடைக்கு இடம் விட, மாமி மூன்று சுவெட்டரும் அதற்கு மேல் வேட்டை அங்கியும் போட்டுக்கொண்டு, பூசணிக்காய்போல விமானத்தில் ஏறினார். தண்டர் பேயில் துவக்குப் பெட்டியைப் பற்றி அவர்கள் கேட்டபோது மாமி வாய் திறக்க முன்னரே நான் கோப்பைத் திறந்து மேசையில் வைத்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

ரொறன்ரோவில் மாமி அட்டையைக் காட்டித் துவக்கைக் கையொப்பமிட்டு வாங்கினார். ஆனால் இறைச்சிப் பெட்டிகள் மூன்றுதான் வந்தன. விமானம் நிறைந்துவிட்டதால் ஒன்றை அடுத்ததில் அனுப்புகிறார்களாம், முறைப்பாட்டு அலுவலகத்தில் படிவம் நிரப்பவேண்டும். அங்கே நீளமான வரிசை. எங்கள் முறை வந்தபோது சீருடை போட்ட பெண் தலை நிமிராமல் பெட்டியின் நிறத்தைக் கேட்டாள், அளவைக் கேட்டாள். பிறகு, உள்ளே என்ன என்று கேட்டாள்.

"மூஸ்," என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். திரும்பக் கேட்டாள். நான் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன், வரிசையின் கடைசிவரை கேட்கும்படி. மூஸ் இறைச்சி, இவர் என் மாமி, இவர்தான் சுட்டவர், ஒரே வெடியில். அந்தப் பெண் மூன்று சுவெட்டருக்குள் வியர்த்துக்கொண்டு நின்ற அறுபத்தாறு வயது மனிசியைப் பார்த்தாள். எழுந்து, மேசைக்கு மேலால் கையை நீட்டி, மாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். மாமி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"பின்கால் எண்டும் எழுதச் சொல்லும் பிள்ளை. நல்ல துண்டெல்லாம் அதுக்குள்ளதான்."

எழுதச் சொன்னேன். அவள் எழுதினாள்.