கடைசி வரியிலிருந்து

“வீடு எத்தனையாவது மாடி? லிஃப்ட் இருக்கா?”

தேனிலவுக்கு இத்தாலி போகும் ஆசையோடு எங்கள் பயண அலுவலகத்துக்கு வரும் ஜோடியிடம், பயணத் திட்டம் போட்டுத்தரும் எங்கள் சார் கேட்கும் முதல் கேள்வி இதுதான். மாப்பிள்ளை திருதிருவென்று விழிப்பார். கைப்பேசியில் வெனிஸ் படகுப் படங்களைத் திறந்து வைத்திருக்கும் பெண் சிரிப்பை அடக்கிக்கொள்வாள். அவர் சிரிக்கமாட்டார். “போகும்போது ரெக்கை முளைச்சிருக்கும். திரும்பும்போதுதான் பெட்டி கனக்கும், கால் வலிக்கும், ரெண்டு பேருக்கும் ஒரு சண்டையாவது வந்திருக்கும். வீட்டுக்குள்ள நல்லபடியா நுழையணும் இல்லையா?”

அவருக்கு ‘ரிட்டர்ன்’ என்று பட்டப்பெயர். வைத்தவன் நான்தான், எதிர் மேஜையில் டிக்கெட் போடுகிறவன். அவர் வெள்ளைத் தாளை எடுத்தால் பேனா நேரே அடியில் போய் நிற்கும். கடைசி வரியில் ‘வீடு’. அதற்கு மேல் திரும்பும் விமானம். அதற்கு மேல் ரோம், அதற்கு மேல் ஃப்ளோரன்ஸ் என்று ஏறிக்கொண்டே போய் வெனிஸில் இறங்கும் நாளைத் தொடுவார். ஐந்தாறு ஊர் கேட்பவர்களிடம் ஈவு இரக்கமில்லாமல் பாதியை வெட்டிவிடுவார். “தினம் பெட்டி கட்டி அவிழ்த்தா அது தேனிலவு இல்லீங்க, வீடு மாத்துறது.”

ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியும் என்று எந்த ஹோட்டலையும் கேட்கமாட்டார். இரண்டு கட்டிலை ஒட்டிப் போட்டு நடுவில் பள்ளம் விழுந்த அறை வேண்டாம் என்று தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஃபோனில் உரக்கச் சொல்வார். நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு மும்முரமாக வேலை பார்ப்போம்.

அடுத்த மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். ஒரே பெண். மாப்பிள்ளைக்குக் கடல் கடந்து வேறொரு நாட்டில் வேலை. இத்தாலியைச் சுற்றிவிட்டு இருவரும் அப்படியே அங்கே குடியேறப் போகிறார்கள். பயணத் திட்டத்தை அப்பாதான் போட்டுத்தர வேண்டும் என்பது மகளின் பிடிவாதம்.

அவருக்குக் கை ஓடவில்லை. தாளை எடுப்பார். பேனா அடியில் போய் நிற்கும், நின்றபடியே இருக்கும். பிறகு தாளை ஓரமாக வைத்துவிட்டு வேறு யாருடைய பயணத்தையாவது இழுத்துக்கொள்வார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? “ஊர்ப் பொண்ணுங்களை எல்லாம் அனுப்பி வெச்சீங்க. சொந்தப் பொண்ணை அனுப்ப மட்டும் கை வரலையா சார்?” என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

விசாவுக்குப் போக வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. தங்கும் இடங்களைப் பதிவு செய்யாமல் அங்கே போய் நிற்க முடியாது. நேற்று மகளே அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். ஜோடிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“முடியலன்னா சொல்லிடுங்கப்பா. நாங்களே பாத்துக்கிறோம்.”

“முடியாம என்னம்மா... திரும்பி வர்ற டிக்கெட் இல்லாம எனக்குப் போடத் தெரியல. எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னே புரியல.”

சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. நான் கணினித் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மகளுக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“வர்றவங்க எல்லார்கிட்டயும் ஒரு கேள்வி கேப்பீங்களே. என்கிட்ட இன்னும் கேக்கலையேப்பா.”

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வீடு... எத்தனையாவது மாடிம்மா?”

“நாலாவது.”

“லிஃப்ட் இருக்கா?”

“இல்லப்பா. படிதான்.”

“அப்ப பெட்டியைச் சின்னதா எடுத்துக்கணும்” என்றார்.

பேனா தாளின் அடிக்குப் போனது. மகள் வாழப்போகும் நகரத்தின் பெயரைக் கடைசி வரியில் எழுதினார். கொஞ்ச நேரம் கழித்து, அதன் பக்கத்தில், எழுத்து எழுத்தாக அழுத்தி, ‘வீடு’ என்று எழுதினார்.