ஒரு பிள்ளை குறைந்தது

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவின் சாவுக்குச் சித்தூரிலிருந்து முன்னாள் படைவீரர்கள் வந்தார்கள். மாலை போட்டு, சல்யூட் அடித்து, தெலுங்கில் பேசினார்கள். பர்மாக் காடு, குண்டு மழை, வீரம். தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்த மனிதரின் ஆயுளில் நாலு வருடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பர்மாவில் அவர் கோவேறு கழுதை ஓட்டினார். குண்டு விழுந்தபோது கழுதையைவிட வேகமாகத் தான் ஓடியதாக அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவர் ஓடாமல் நின்ற இடம் ஒன்று உண்டு. அது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம்.

ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லைக்கோடு எங்கே விழும் என்று நகரி, புத்தூர் பக்கமெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பள்ளியில் தெலுங்கு வகுப்பும் உண்டு, தமிழ் வகுப்பும் உண்டு. பிள்ளைகள் குறைந்தால் தமிழை எடுத்துவிடுவோம் என்று ஓர் அதிகாரி வந்து தலைகளை எண்ணினார். ஒரு பிள்ளை குறைந்தது. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. தமிழ் போனால் தெலுங்கில் மறுபடி ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கவேண்டும். அப்படி உட்காருவதற்குக் களை பிடுங்க வரலாம் என்று அம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். நான் அழுதுகொண்டே கழனிக்கு ஓடினேன்.

நைனா கிணற்றில் நீர் இறைக்கும் கவலை மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு, சேற்றுக் காலோடு வந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது சார். என் பேர எழுதிக்கோங்க, கணக்கு சரியாப் பூடும்."

வயது என்ன என்று அதிகாரி கேட்டார்.

"பட்டாளத்துல சேரச்சொல்ல ரெண்டு வயசு கூட்டி எழுதிக்கினாங்க. நீங்க இருவத்தஞ்சி கொறச்சி எழுதிக்கோங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. கெட்டிக்காரர். "மீ பில்லலு எந்தமந்தி?" என்றார். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?

"மூணு பொண்ணு சார்."

இங்கே ஒருத்திதானே இருக்கிறாள், மற்றவர்கள் எங்கே என்று கேட்டார். நைனா எழுந்து நின்றார். கடைசித் தங்கை கைக்குழந்தை. அம்மா நடவுக்குப் போவதால், ஆறு வயது முடிந்த நடுத் தங்கை அவளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். குழந்தை உள்ள வீட்டில் ஒரு பெண் பிள்ளை அப்படி நிற்பது ஊர் வழக்கம். அதனால் அவளைக் கணக்கில் சேர்க்க எங்கள் யாருக்குமே தோன்றவில்லை. குறைந்த அந்த ஒரு பிள்ளை எங்கள் வீட்டிலேயே இருந்தது. அடுத்த வாரம் வருகிறேன் என்று அதிகாரி சைக்கிளை எடுத்தார்.

மறுநாள் காலையில் அம்மா குழந்தையை நடுத் தங்கையின் இடுப்பில் வைக்கப் போனாள். நைனா குறுக்கே வந்து வாங்கிக்கொண்டார். பழைய வேட்டியில் வைத்து முதுகில் கட்டினார். கழுதைமேல் பாரம் கட்டிப் பழகிய கை, முடிச்சு அசையவில்லை. அப்படியே கவலை ஓட்டினார். மத்தியானம் கிணற்றடியில் பெண்களோடு உட்கார்ந்து குழந்தையின் துணிகளை அலசினார். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. திருப்பதிக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டால் புத்தி தெளியும் என்றார் பெரியப்பா.

அம்மாவுக்கு அவமானம் தாங்கவில்லை. "இன்னா இது கூத்து? எல்லாரும் சிரிக்கிறாங்க, மானம் போவுது. கொழந்தய இப்படிக் குடுங்க."

"சிரிக்கட்டும். அவங்க புள்ளயவா தூக்கிக்கினு கீறேன்? என் புள்ள."

எனக்கு அன்று பெருமையாக இருந்தது என்று சொன்னால் பொய். வெட்கமாக இருந்தது. பள்ளிக்கு வேறு வழியாகப் போனேன்.

சொன்னபடி அதிகாரி வந்தார். நடுத் தங்கை முன்வரிசையில் சிலேட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் இரண்டு முறை எண்ணினார். சரியாக இருந்தது. பிறகு, முதுகில் குழந்தையோடு வாசலில் நின்ற நைனாவைப் பார்த்து, நான் போனதும் இந்தப் பெண் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள், எனக்குத் தெரியாதா என்றார். எனக்கும் அந்தப் பயம்தான் இருந்தது.

நைனா திரும்பி நின்று முதுகைக் காட்டினார்.

"இதுக்கு அஞ்சு வயசு ஆவுற வரிக்கும் இங்கதான் இருக்கும். அப்புறம் உள்ள வந்து குந்தும். இது பேருக்கும் ரிஜிஸ்டர்ல ஒரு வரி வுட்டு வைங்க சார்."

அவர் வரி விட்டாரா என்று தெரியாது. எல்லை முடிவாகி எங்கள் ஊர் ஆந்திராவிலேயே தங்கிவிட்ட பிறகு, கடைசித் தங்கை அந்தத் தமிழ் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். அதுவரை நைனா அவளை வேறு யார் இடுப்புக்கும் கொடுக்கவில்லை.