காதை அடைக்கக் கற்றுக்கொண்டேன்

முதலில் நான் குறை சொன்னது அண்ணையின் சிலிண்டரைத்தான்.

சூசை அண்ணை, என் கூடப்பிறந்தவர், சுழியோடி. கடலட்டை பிடிக்க முழுகுகிறவர். குருநகரில் ஒரே வளவுக்குள் அவருக்கு ஒரு வீடு, எனக்கு ஒரு வீடு. நடுவில் அவருடைய காற்றுச் சிலிண்டர்களைச் சாய்த்து வைக்கும் கொட்டில். ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து தேநீரோடு உட்கார்ந்தபோது, கொட்டில் பக்கமிருந்து ஓர் இரைச்சல் கேட்டது. சிலிண்டரில் காற்றுக் கசிகிறது என்று அண்ணையைக் கூப்பிட்டேன்.

அவர் குனிந்து காது கொடுத்தார். பிறகு ஒவ்வொரு சிலிண்டராகத் தூக்கி, தலைகீழாகக் கிணற்றடித் தொட்டிக்குள் அமிழ்த்திப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

"சிலிண்டர் கசியேல்லை, நிம்மி. உன்ரை மண்டைதான் கசியுது," என்றார்.

நானும் சிரித்தேன். ஆனால் அந்த இரைச்சல் அன்று மாலை நிற்கவில்லை. மறுநாளும் நிற்கவில்லை. இன்றுவரை நிற்கவில்லை.

இதை வாசிக்கிறவர்களில் சிலருக்கு இதே இரைச்சல் இருக்கும். மேடையில் ட்றம்ஸ் அடிப்பவராக இருந்தால் நிச்சயம் அதை மறைத்தும் வைத்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் எங்கள் பங்குக் கோவிலின் பாடகர் குழுவில் ட்றம்ஸ் அடிப்பவள். கலியாண வீடுகளுக்கும் போவதுண்டு. யாரும் சொல்லித்தரவில்லை. கோவில் மண்டபத்தில் ஆளில்லாமல் கிடந்த செட்டில் தட்டித் தட்டிப் பழகியது. பெட்டைக்கு ஏன் உந்த வேலை என்று கேட்டவர்கள், பிறகு தங்கள் மகளின் கலியாணத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நான் அடித்த அடியில் ஊரின் வாயே நகர்ந்தது.

காது குறைந்துகொண்டு வந்ததை வீட்டில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. கடற்கரைச் சனம் மெல்லக் கதைப்பதில்லை. எஞ்சின் சத்தத்துக்கு மேலாலே கதைத்துப் பழகிய வாய்கள். நான் "என்ன?" என்று கேட்டால் இன்னும் உரக்கச் சொல்வார்கள். நானும் அப்படியே பதில் சொல்வேன். செவிடன் காதில் சங்கு ஊதினதுபோல என்றொரு பழமொழி இருக்கிறதே, எங்கள் வளவில் எல்லோரிடமும் சங்கு இருந்தது. அதனால் யார் செவிடு என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் காது மூக்குத் தொண்டைப் பிரிவின் நடைபாதை ஒடுக்கமானது. எல்லோரும் கொஞ்சம் கத்திக் கதைக்கும் நடைபாதை. அங்கே என் வயதுக்காரர் அதிகம் இல்லை. ஒரு சின்ன அறைக்குள் இருத்தி, சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பல தடவை சத்தமே வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்துகொண்டுதான் இருந்ததாம்.

ஓடியோகிராம் (எந்தச் சுருதியில் எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) என் கைக்கு வந்தது. இரண்டு கோடுகளும் நேரே வந்து, உயர்ந்த சுருதிகளில் கிணற்றுக்குள் விழுந்ததுபோல விழுந்திருந்தன. இடது காது இன்னும் ஆழம். நான் அடிக்கும் சிறு முரசும் தாளத்தட்டும் இடப்பக்கம்தான் இருக்கின்றன.

டொக்டர் ஒரு பெண். ஆறுதலாகக் கதைப்பவர். உட்செவியில் உள்ள மயிர்க்கலங்கள் (ஒலியதிர்வை நரம்புக்குக் கடத்தும் நுண்ணிய கலங்கள்) சிதைந்துவிட்டன, திரும்ப முளைக்காது என்றார். இரைச்சலுக்கு டினிட்டஸ் (வெளியே ஒலி இல்லாமல் காதுக்குள் கேட்கும் சத்தம்) என்று பெயர் சொன்னார். பெயர் இருக்கிறது என்பதே எனக்கு ஓர் ஆறுதல். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"இவ்வளவு காலமும் காதுக்கு ஒண்டும் போடாமலோ அடிச்சனீங்கள்?"

எங்கள் வீட்டில் காதை அடைப்பது பாவத்துக்கு அடுத்த காரியம் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. என்னோடு வந்து கதவோரம் நின்ற அண்ணை முன்னுக்கு வந்துவிட்டார்.

"காதை அடைச்சா பறை கிழியும், டொக்டர். நான் கண்ணாலை கண்டனான்."

"கடலுக்குள்ளையோ?"

"ஓம்."

"அப்ப நீங்கள் சொல்லுறது முழுக்கச் சரி," என்றார் டொக்டர். "ஆனா தங்கச்சி கடலுக்குள்ளை இருந்து ட்றம்ஸ் அடிக்கிறேல்லையே."

விஷயம் இதுதான். முழுகுகிறவன் காதை அடைத்தால், அடைப்புக்கும் செவிப்பறைக்கும் இடையில் காற்று சிக்கிக்கொள்ளும். கீழே போகப் போக அழுத்தம் கூடி, பறை கிழிந்துவிடும். சுழியோடி வீட்டுப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே கேட்கும் சொல் அது. நான் முதன்முதல் ட்றம்ஸுக்கு முன்னால் இருந்து காதில் பஞ்சு வைத்தபோது, அண்ணைதான் அதைப் பிடுங்கி எறிந்தார். அன்பால் பிடுங்கினார். கரையில் அழுத்தம் இல்லை, அதிர்வுதான் இருக்கிறது, அதற்கு அடைப்புத்தான் மருந்து என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

அண்ணை மோட்டார் சைக்கிளில் என்னை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வாசல் படலையில் இறங்கும்போது, "நான் முழுகிறதுக்குச் சொன்னதைப் போய் நீ..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். அந்தச் சொல்லால்தான் நீங்கள் இன்னும் உயிரோடு முழுகுகிறீர்கள், அண்ணை, போய்ச் சோறு தின்னுங்கோ என்றேன்.

டொக்டர் நிறுத்தச் சொல்லவில்லை. சில வாரங்கள் காதுக்கு ஓய்வு, பிறகு காப்போடு அடிக்கலாம் என்றார். முழு அமைதியில் இரைச்சல் பெரிதாகத் தெரியும், மின்விசிறியைப் போட்டுவிட்டு உறங்குங்கள் என்றார். போனது போனதுதான், இருப்பதை வைத்திருப்பதே வைத்தியம் என்று அவர் சொன்னதை நான் அப்படியே மனதில் எழுதிக்கொண்டேன்.

அந்த ஓய்வுக்குள்தான் றெஜி வந்தான். எங்கள் குழுவை நடத்துபவன், கீபோட் வாசிப்பவன், தங்கமான பிள்ளை. பங்குத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, இந்தமுறை ரிதத்தைக் கீபோட்டிலையே போடுவம். நீங்கள் காதைப் பாருங்கோ."

நல்ல மனதோடு கதிரையை இழுப்பவனோடு சண்டை பிடிக்க முடியாது. திருநாளில் அடிக்காமல் விட்டால் அந்த இருக்கை திரும்ப எனக்கு வராது என்று தெரியும். பொத்தானை அமத்தினால் வரும் தாளம் களைப்பதில்லை, தேநீர் கேட்பதுமில்லை. எனக்குக் காதும் வேண்டும், அந்த இருக்கையும் வேண்டும்.

முதலில் மருந்துக்கடைப் பஞ்சு அடைப்பை வைத்து ஒத்திகைக்குப் போனேன். காது பத்திரம். ஆனால் பாடகர் குரல் ஏழு மதிலுக்கு அப்பால் கேட்டது. தாளம் இழுபட்டது. அடைக்கவும் வேண்டும், கேட்கவும் வேண்டும் என்றால் இன்-இயர் (வெளிச்சத்தத்தைத் தடுத்து, குரலையும் கருவிகளையும் மெல்லிய அளவில் நேரே காதுக்குள் தரும் சிறு கேட்பொறி) தான் வழி என்றான் றெஜி. பெரிய பாடகர்கள் காதுக்கு அச்செடுத்துச் செய்விக்கும் சாமான் அது. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டாமோ? நான் மலிவானதைத் தேடினேன்.

மலிவாக வாங்கியதில் பிழையில்லை. பாட்டுப் போட்டுப் பார்த்து வாங்கியதுதான் பிழை. கடையில் கேட்டபோது தாழ்சுருதி இடிபோல அருமையாக முழங்கியது. ஒத்திகையில் ட்றம்ஸுக்கு முன்னால் இருந்தபோது அது காதை அடைக்கவே இல்லை. முரசின் சத்தம் ஓரங்களால் உள்ளே வந்தது. அதற்கு மேலாகப் பாட்டுக் கேட்க நான் ஒலியைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். மறுநாள் காலையில் தலைக்குள் ஆயிரம் சில்வண்டு. இருந்த கொஞ்சத்தையும் நானே கொளுத்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

இரைச்சல் மெல்லப் பழைய அளவுக்கு இறங்கியது. இறங்கிய அன்று அண்ணை தன் முகமூடியைக் கழுவிக்கொண்டிருந்தார். முழுகும்போது கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி முகமூடி. நான் நடந்ததைச் சொன்னேன்.

"கடையிலை என்னெண்டு பாத்து வாங்கினனீ?"

"பாட்டுப் போட்டுப் பாத்துத்தான்."

அவர் முகமூடியை வார் போடாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மூச்சை உள்ளே இழுத்தார். கையை எடுத்தார். முகமூடி விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றது.

"நாங்கள் உது வாங்கேக்கை மீன் வடிவாத் தெரியுதோ எண்டு பாக்கிறேல்லை, பிள்ளை. தண்ணி வருதோ எண்டுதான் பாப்பம்."

யாழ்ப்பாணப் பட்டினத்துக் கடைக்கு இரண்டு பேரும் போனோம். கடைக்காரத் தம்பி வழமைபோலப் பாட்டைப் போட்டான். நிறுத்தச் சொன்னேன். வயரையும் கழற்றச் சொன்னேன். சும்மா காதுக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். அண்ணை எனக்கு முன்னால் நின்று, கொண்டுபோன சட்டி மூடியில் கரண்டியால் அடித்தார். கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"அக்கா, நீங்கள் பாட்டுக் கேக்க வாங்கிறியளோ, கேக்காமல் இருக்க வாங்கிறியளோ?"

"இரண்டுக்கும்தான், தம்பி. நீங்கள் மற்றதை எடுங்கோ," என்றார் அண்ணை.

சட்டி மூடி எதில் மிகத் தூரத்தில் கேட்டதோ அதை வாங்கினேன். காலுக்குப் போடும் ஒரு சோடி நல்ல சப்பாத்தின் விலைதான். அதைவிட விலை கூடியது ஒன்று இனிமையாகப் பாடியது, ஆனால் தண்ணீர் வந்தது.

தேடுபவர்களுக்குச் சொல்கிறேன். நுனியில் மாட்டும் நுரைப்பஞ்சுதான் பாதி வேலை செய்கிறது. விரலால் அமுக்கி, மறுகையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து உள்ளே விட்டு, அது ஊதி நிறையும்வரை பிடித்துக்கொண்டிருங்கள். எனக்கு இடது காதுக்கும் வலது காதுக்கும் வேறு வேறு அளவு என்பதே அப்போதுதான் தெரிந்தது. வயர் காதுக்குப் பின்னால் சுற்றிப் போகவேண்டும், இல்லாவிட்டால் குச்சியில் கொழுவும். கழற்றி மாற்றக்கூடிய வயர் என்றால் நல்லது, எங்கள் வியர்வைக்கு எந்த வயரும் ஈடுகொடுக்காது. வயரில்லாத சாமானுக்குக் காசை இறைக்க வேண்டாம். பாடுகிறவர்கள் நடப்பார்கள், நாங்கள் இருந்த இடத்தில் இருக்கிறவர்கள். ஒலி எல்லை மீறினால் தானாக அமுக்கிவிடும் வசதி உங்கள் ஒலி மிக்சரில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு காதை மட்டும் கழற்றிவிட்டு அடிக்காதீர்கள், மற்றக் காதில் உங்களை அறியாமல் சத்தத்தைக் கூட்டுவீர்கள். அடித்து முடிந்தபின் உலகம் பஞ்சுக்குள் இருப்பதுபோலக் கேட்டால், அது கூடிவிட்டது என்று அர்த்தம்.

திருநாள் மாலை. கடல் பக்கம் மேடை. செபம் முடிந்து பாட்டு ஆரம்பிக்க முன் இரண்டு காதையும் அடைத்தேன். சனத்தின் இரைச்சல் அறுந்தது. என் மூச்சு கேட்டது. கால்மிதியை ஒருதரம் மிதித்தேன். பெரிய முரசு காதால் வரவில்லை, தொடை எலும்பால் ஏறி நெஞ்சுக்குள் வந்தது. பிறகு றெஜி சைகை காட்ட, பாடகர்கள் முதல் அடி பாடுவதற்கு முன் மூச்சை இழுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. எத்தனையோ வருடமாக அவர்களுக்குப் பின்னால் இருந்திருக்கிறேன், அந்த மூச்சை நான் கேட்டதேயில்லை. அந்த மூச்சின் மேலேயே என் முதல் அடி விழுந்தது.

இடையில் றெஜி கீபோட்டிலிருந்து திரும்பிப் பார்த்தான். அவசரத்துக்கு என்று வைத்திருந்த தாளப் பொத்தானிலிருந்து கையை எடுத்து எனக்குக் காட்டினான். அதை அவன் பிறகு தொடவேயில்லை. நான் பெருமைப்பட்டேன். இப்போதும் படுகிறேன், ஏன் மறைக்க வேண்டும்?

ஆனால் எனக்குப் பரீட்சை மறுநாள் காலைதான். கண்ணைத் திறக்காமல் படுத்திருந்து கேட்டேன். இரைச்சல் இருந்தது. முந்தின நாள் இருந்த அளவிலேயே இருந்தது. மாதங்கள் கழித்து எடுத்த வரைபடத்திலும் கோடு அதே இடத்தில் நின்றது. டொக்டர் இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

என் நாள் இப்போது வேறு மாதிரி ஓடுகிறது. ஒவ்வொரு நாளும் காதுக்கு இவ்வளவுதான் என்று அளந்து செலவழிக்கிறேன். ஒத்திகை உள்ள நாளில் சந்தைக்குப் போவதில்லை. முன்பு தாளம் எனக்கு வெளியே ஓடியது, நான் துரத்தினேன். இப்போது அது எலும்புக்குள் இருக்கிறது, நான் காத்திருக்கிறேன். இரைச்சலோடும் பழகிவிட்டேன். அதன் சுருதி தெரியும், அது இடக்காதின் எந்த மூலையில் இருக்கிறதென்றும் தெரியும்.

அதனால்தான் போன மாதம் ஒரு காலையில், அண்ணை கடலுக்கு வெளிக்கிடும்போது, தேநீரைக் கீழே வைத்துவிட்டு எழும்பினேன். இன்னொரு இரைச்சல். என்னுடையது இல்லை, வலப்பக்கம், சுருதியும் கீழே.

"அண்ணை, உங்கடை சிலிண்டர் கசியுது."

"திரும்பவும் தொடங்கீட்டியோ, தாயே," என்று சொல்லிக்கொண்டே, எனக்காக மட்டும், அதைத் தூக்கித் தொட்டிக்குள் அமிழ்த்தினார்.

வால்வின் கழுத்திலிருந்து குமிழிகள் வந்தன. சின்னதாக, ஒன்றன்பின் ஒன்றாக, பிசகாத தாளத்தில். நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.